கையில் கேட்ட மாப்பு

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் உறவு, பகை, கடைத்தெரு, பக்கத்து வீடு என்று ஒருவர் விடாமல் மாப்பு கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்டவனுக்குச் செய்த குற்றத்தை ஆண்டவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். அதில் ஆண்டவனே தலையிடுவதில்லை என்பார்கள். கேட்பதற்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் எந்தப் பயத்தையும் ஒரு சடங்காக்கி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி, லேசாக்கிவிடுவார்கள்.

ஹயாத் பாஷாவும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு போனார். கும்மிடிப்பூண்டி பஜாரில் அவருக்கு ஒரு கடை இருந்தது. சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கிளவுஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். சுனாமி வந்துபோன மூன்றாம் வருஷத்து அடைமழையில், ஒரு கையில் குடையும் மறு கையில் தூக்கிப் பிடித்த கைலியுமாக, கல்யாணப் பத்திரிகை வைப்பவர் மாதிரி கடை கடையாக ஏறி இறங்கினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ எதுனா தப்பு செஞ்சிருந்தா மாப்பு பண்ணிடுங்க."

"அட, நீ இன்னா பாய் தப்பு செஞ்ச? எங்களுக்கும் சேத்து அங்க துஆ கேளு."

அவ்வளவுதான். கேட்டவருக்கும் திருப்தி, கொடுத்தவருக்கும் திருப்தி. டீக்கடை ராஜமாணிக்கம் ஒருவர்தான் கிளாஸைக் கழுவிக்கொண்டே வம்புக்கு இழுத்தார்.

"போன வருஷம் உன் டெம்போ என் சைக்கிள நசுக்கிச்சே, அதுக்கும் சேத்தா பாய்?"

"அதுக்கும் சேத்துதாம்பா."

"அப்ப சரி, போய்ட்டு வா. ஆனா சைக்கிள் சைக்கிள்தான்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஹயாத் பாஷாவும் சிரித்தார். இத்தனை சுலபமாகச் சுமை இறங்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ ஹஜ்ஜுக்குப் பணம் கட்டியிருக்கலாமே என்றுகூட அவருக்குத் தோன்றியது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் வீட்டில் விருந்து. பழவேற்காட்டிலிருந்து உறவுக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிரியாணி ஆனதும் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து எல்லோரும் உட்கார, ஹயாத் பாஷா நடுவில் அமர்ந்து மொத்தமாக மாப்பு கேட்டார். மொத்தமாகவே கிடைத்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆவுக்குக் கையை உயர்த்தப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டவர் போல் நிறுத்தினார்.

"உங்க தங்கச்சிகிட்ட கேட்டுட்டீங்களா, பாய்?"

தங்கச்சி ஜபீன் உள்ளறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் கண் நன்றாகத்தான் தெரிந்தது. மெட்ராஸில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூட ஹாஸ்டலில் தங்கி எட்டாவது வரை படித்தாள். அதன் பிறகு அந்தி நேரத்தில் தடுக்கி விழ ஆரம்பித்தாள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, கல்யாண வயதில் ஊசித் துளையளவு ஆனது. ஒரு நாள் அதுவும் போனது. அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். ரத்தத்திலேயே இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பெற்றவர்கள் மவுத்தான பிறகு ஜபீன் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

அண்ணன் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று ஊரே சொல்லும். சோறு, துணி, மருந்து, பெருநாளைக்குப் புதுச் சேலை எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பேச்சுதான் கிடையாது. தோளில் இரண்டு தட்டினால் சாப்பிட வா. முதுகில் தேய்த்தால் குளி. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் எழுந்திரு. அந்த வீட்டில் அவளுக்கு வெகு காலம் இருந்த பாஷை இவ்வளவுதான்.

இதை மாற்றியவள் மருமகள் நௌஷீன். மகன் ரிஜ்வானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், வேட்டியில் அரிசி மாவைக் காயப் போட்டிருந்தாள். அந்தப் பக்கமாகத் தடவிக்கொண்டு வந்த ஜபீன் மாவில் கை பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். விரலால் எதையோ கிறுக்கினாள். மாவு வீணாகிறதே என்று ஓடிவந்த நௌஷீன் பார்த்தது, கொட்டை எழுத்தில் 'ஜபீன்'. ஒரு நிமிஷம் திகைத்து நின்றவள் அந்தக் கையைப் பிடித்து, உள்ளங்கையில் தன் பெயரை எழுதினாள். ஜபீன் அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டாள். வேறென்ன சொல்ல, அவளுக்குக் குரலை எப்படி எடுப்பதென்று தெரியாது.

பிறகு நௌஷீன் திருவள்ளூரில் நடந்த முகாமுக்கு அவளை அழைத்துப்போனாள். குணசுந்தரி என்று ஒரு டீச்சர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பிரெய்ல் சொல்லிக்கொடுத்தார். இப்போது ஜபீன் தடித்த காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதுவாள், புத்தகத்தைத் தடவிப் படிப்பாள். சமையலறை டப்பாக்களில் மிளகாய்த்தூள் எது, மல்லித்தூள் எது என்று அவளே புள்ளி குத்தி ஒட்டியிருந்தாள். ரிஜ்வான் கொஞ்சம் கைப்பேச்சு கற்றுக்கொண்டான். மாமியார் பீவி ஜான்கூடத் தத்தித் தத்தி 'டீ', 'மழை' என்று எழுதுவாள்.

ஹயாத் பாஷாவிடமும் நௌஷீன் சொல்லிப் பார்த்தாள். "வெரலால எழுதுனா போதும் மாமா. பெருசு பெருசா, ஒரு எழுத்து மேலயே அடுத்த எழுத்து."

"எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல?" என்று நழுவிவிட்டார்.

இப்போது ஹஜ்ரத் கேட்ட கேள்விக்கும் அதே மாதிரி நழுவப் பார்த்தார். "அதுக்கு இன்னா தெரியும் ஹஜ்ரத்? அல்லாவுக்குத் தெரியும் என் மனசு."

"நான் கேட்டு சொல்றேன் மாமா," என்று நௌஷீன் எழுந்தாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் எழுந்துபோய்த் தங்கை எதிரில் உட்கார்ந்தார். நௌஷீன் நடுவில் அமர்ந்து ஜபீனின் வலது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்காட்டி விரலால் எழுதினாள். புள்ளி வைத்த எழுத்து வந்தால் விரல் நுனியால் ஒரு அழுத்து. ஒரு சொல் முடிந்ததும் பலகையை அழிப்பது போல் உள்ளங்கையை ஒரு தடவு. கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

'அண்ணன் ஹஜ் போறார். உன்கிட்ட மாப்பு கேக்கறார்.'

ஜபீன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தாள். பிறகு நௌஷீன் கையைத் திருப்பி அதில் எழுதினாள். நௌஷீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குன்னு கேக்கறாங்க மாமா."

கூடம் கொல்லென்று சிரித்தது. ஹஜ்ரத்தே தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஊர் முழுக்க இத்தனை பேரிடம் கேட்டும் ஒருவரும் கேட்காத கேள்வி. சடங்கு என்பது காதில் விழுந்து விழுந்து பழகுகிற விஷயம். காதே கேட்காதவளுக்கு அது எப்படிப் பழகும்? ஒருவன் வந்து மன்னிப்பு கேட்டால், என்ன செய்தான் என்று தெரிய வேண்டாமா?

"பொதுவா கேக்கறதுதாம்மா. தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச தப்புக்குன்னு சொல்லு."

நௌஷீன் எழுதினாள். பதில் உடனே வந்தது.

"தெரிஞ்சு செஞ்சது எதுன்னு கேக்கறாங்க."

இந்த முறை சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஹயாத் பாஷாவுக்கு நவம்பர் மழையிலும் கழுத்து வேர்த்தது. இத்தனை பேர் முன்னால் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் பேரம் பேசுகிறவர் இல்லையா, இருப்பதிலேயே மலிவான சரக்கைத் தேடினார். அகப்பட்டது.

"ரொம்ப நாள் முன்னாடி, நம்ம பொண்ணு சபீதா கல்யாணம் பேசிக்கினு இருந்த சமயம். இது வாசப்படியில ஸ்டூல் போட்டு குந்திக்கினு, ரோட்டுல போறவங்க கிட்ட எல்லாம் கைய நீட்டிக்கினு இருந்துச்சு. தெனமும். யாரோ ஒருத்தன் காசு போட்டுட்டு போறான். நான் சாப்பாட்டுக்கு வரேன், என் கண்ணு முன்னாடியே போடறான். நம்ம குடும்பத்துப் பொண்ணு பிச்சை எடுக்குதேன்னு எனக்கு ஆத்திரம். கையிலயே அடிச்சுட்டேன். உள்ள இழுத்துப் போட்டு, மேல் தாப்பாளும் போட்டுட்டேன். அது தப்புதான். அதுக்கு மாப்பு கேக்கறேன்னு சொல்லு."

உறவுக்காரர்கள் 'ச்சு ச்சு' கொட்டினார்கள். அந்தக் கொட்டலில் பாதி அவர் மேல் பரிதாபம்: பாவம், மானஸ்தன், என்ன பாடு பட்டாரோ. அவருக்கும் அது தெரிந்து இதமாகவே இருந்தது. தங்கையின் குற்றத்தில் தன் குற்றத்தைப் பொதிந்து கொடுத்துவிட்ட நிம்மதி.

நௌஷீன் நேரம் எடுத்து எழுதினாள். நீளமான விஷயம். 'பிச்சை' என்ற சொல் வந்தபோது ஜபீன் அவள் விரலைப் பிடித்து நிறுத்தினாள். திரும்ப எழுது என்று கையைத் தட்டினாள். நௌஷீன் திரும்ப எழுதினாள். ஜபீனின் முகம் அப்படியே விரிந்துபோனது. அவசரமாக நௌஷீனின் கையை இழுத்து எழுத ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. நௌஷீன் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள்.

"பிச்சை இல்ல... ஒரு அம்மா வந்தாங்க... கதவு கிட்ட... என் கையில எழுதுனாங்க... உன் பேர் என்னன்னு... நான் எழுதுனேன்... கண்ணு போனப்புறம் மொத மொத... போகும்போது மறுபடி வரேன்னு எழுதுனாங்க... அதான் தெனம் கைய நீட்டிக்கினு இருந்தேன்... காசு வச்சாங்க... எதுக்குன்னு புரியல... எழுதுவாங்கன்னு நெனச்சேன்."

பீவி ஜான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நௌஷீனின் கண்ணிலிருந்து வடிந்த நீர் ஜபீனின் கை மேல் விழுந்தது. ஜபீன் அதைத் தொட்டுப் பார்த்து, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஏன் மாமா அந்த அம்மா திரும்பி வரவே இல்ல?" என்று நௌஷீன் கேட்டாள். கேட்டது ஹயாத் பாஷாவைத்தான். வேறு யாரைக் கேட்பாள், வீட்டுக்குப் பெரியவர் அவர்தானே.

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பழவேற்காட்டு மச்சான் அலுத்துக்கொண்டார். "இவுங்கல்லாம் இப்படித்தாம்மா. வருவாங்க, போட்டோ புடிப்பாங்க, போய்டுவாங்க. அப்புறம் யார் வரா?"

"ஆமாமா," என்றார்கள் நாலு பேர்.

ஹயாத் பாஷாவும் தலையை ஆட்டினார். ஆட்ட வேண்டும் என்று நினைத்து ஆட்டவில்லை. தலை தானாக ஆடியது. அதற்கப்புறம் அந்தத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் அந்த அம்மா திரும்பி வந்தாள்.

அவள் முதலில் வந்த மதியம் அவர் சாப்பிட வந்தபோது வாசலில் அவளும் ஜபீனும் ஒரே ஸ்டூலில் நெருக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜபீன் சிரித்து அவர் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. வந்தவளுக்கு நூல் சேலை, தோளில் துணிப்பை, வெயிலில் கறுத்த முகம். பார்வை இல்லாதவர்களைத் தேடி வீடு வீடாகப் போகிற வேலையாம். "சார், இவங்களுக்கு எழுத்து நல்லா நினைவிருக்கு சார். கையில எழுதுனா புரிஞ்சுக்கறாங்க. பிரெய்ல் கத்துக்கிட்டா புஸ்தகமே படிப்பாங்க. வாரா வாரம் நானே வந்து சொல்லித்தரேன், நீங்க ஒண்ணும் செலவு பண்ண வேண்டாம்" என்று மூச்சு விடாமல் பேசினாள். அந்த வெள்ளிக்கிழமை சபீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாரா வாரம் ஒருத்தி இந்த வீட்டுக்கு எதற்கு வந்துபோகிறாள் என்று தெரு கேட்கும். தெரு கேட்டால் மாப்பிள்ளை வீடு கேட்கும். ரத்தத்தில் இருக்கிற சங்கதி வெளியே வரும். பீவி ஜானும் அன்று தாய்வீட்டில் இருந்தாள். "அது எங்க ஊட்டு ஆளே இல்லமா. விருந்தாளி. நாளைக்கு ஊருக்கு போய்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் விடவில்லை. அடுத்த வாரமே பஜாரில் கடையைத் தேடிக்கொண்டு வந்தாள். "அவங்க எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க சார், நான் அங்க போய்ப் பாத்துக்கறேன்." கிளவுஸ் கட்டுகளை எண்ணிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆந்திரா பக்கம். தெரியாது. இனிமே வராத" என்றார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள். அந்த நேரத்தில் இவர் வீட்டு வாசலில் இவர் தங்கை கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா," என்று நௌஷீன் அவர் முழங்காலைத் தொட்டாள். "அத்தை மாப்பு குடுத்துட்டாங்க. கையில அடிச்சதுக்கு."

ஜபீன் இரண்டு கையையும் நீட்டித் துழாவி அவர் கையைக் கண்டுபிடித்தாள். அடித்த கை இதுதானே என்பது போல் அதைத் தடவிக் கொடுத்தாள். கூடம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றது. ஹஜ்ரத் துஆ ஓதினார். எல்லோருக்கும் வயிறும் மனசும் நிறைந்திருந்தன. ஹயாத் பாஷா கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். செய்யாத பாவத்தைச் சொல்லிக் கள்ளத்தனமாக மன்னிப்பு வாங்கியிருந்தால்கூடத் தேவலை. செய்த பாவத்தில் சின்னதைச் சொல்லிப் பெரியதை மென்று விழுங்கியிருக்கிறார். அதுவும் யாரிடம்? தலையாட்டலைக்கூடப் பார்க்க முடியாதவளிடம்.

சாயங்காலம் கடையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். கல்லாவில் உட்கார்ந்து, இடது கையை விரித்து வைத்து, வலது விரலால் 'அண்ணன்' என்று எழுதிப் பார்த்தார். கடைக்காரர் கையெழுத்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. அவருக்கே புரியவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மறுபடி எழுதினார். நௌஷீனை வைத்துச் சொல்லலாம்தான். ஆனால் 'மாமா, மாமா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிற அந்தப் பெண்ணின் விரல் வழியாக அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. தங்கையிடம் மாப்பு கேட்கும்போதுகூட மருமகள் முன் தன் மரியாதையைக் காப்பாற்றப் பார்க்கிறோமே என்று அதற்கும் வெட்கப்பட்டார்.

மறுநாள் காலை வாசலில் வேன் வந்து நின்றது. மெட்ராஸ் போய் அங்கிருந்து விமானம். பெட்டிகளை ஏற்றுகிற சத்தம், மாலைகள், ஊறுகாய் பாட்டிலை மறந்துவிட்டதாக ஒரு கூச்சல். எல்லோரும் வாசலில் இருந்தார்கள். ஹயாத் பாஷா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஜபீன் மடியில் பிரெய்ல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கை விரல்களும் வரி வரியாக ஊர்ந்து போயின. அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அவள் கையைத் தொட்டார். அவள் அவருடைய மோதிரத்தைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டு சிரித்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்திருக்கப் போனாள்.

அவர் அவளை உட்கார வைத்தார். உள்ளங்கையை விரித்தார். எழுதினார். அவளுக்குப் புரியவில்லை. கையைத் தடவி அழித்துவிட்டு, மறுபடி என்று தட்டினாள். பெரிதாக, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். புள்ளிக்கு விரலை அழுத்தினார்.

'அண்ணன்.'

ஜபீனின் உடம்பு ஆடாமல் அசையாமல் நின்றுபோனது. பிறகு அவர் கையைப் பிடித்து, குழந்தை கையில் எழுதுவது போல் பொறுமையாக எழுதினாள்.

'உனக்கு எழுத வருமா?'

பழவேற்காட்டில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவர் அவர். கடை போர்டை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். இத்தனை வருஷமும் அண்ணனுக்கு எழுதத் தெரியாது, பாவம், அதனால்தான் பேசவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னைப் பேசவிடாமல் வைத்தவனுக்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த நல்ல காரணம் அது. ஹயாத் பாஷாவுக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது. அந்த நல்ல காரணத்தையும் அவரே பிடுங்கிப் போட வேண்டியிருந்தது.

'வரும்,' என்று எழுதினார்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போகவில்லை. போகலாமா வேண்டாமா என்று தயங்கியது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டு எழுதினார். அவசரத்தில் எழுத்து சிதைந்தது. அவள் அழித்தாள். மறுபடி எழுதினார். அவ்வளவு பெரிய விஷயம் அந்தக் கையில் இவ்வளவு சின்னதாக முடிந்தது.

'அந்த அம்மா மறுபடி வந்தாங்க. நீ இல்லன்னு நான் சொன்னேன்.'

கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்ததும் ஜபீன் கையை மூடிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். மூடிய விரல்களை மெல்லத் தொட்டார். திறக்கவில்லை. பேச வாய் இருந்து என்ன, கத்தினாலும் அவள் காதில் விழாது. காலில் விழுந்தாலும் அவள் கண்ணுக்குத் தெரியாது. அவரிடம் இருந்த ஒரே வழி அந்தக் கை. அது சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே அவள் உட்கார்ந்திருந்த மாதிரி, இப்போது அவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. "அத்தா, நேரமாச்சு" என்று ரிஜ்வான் கூப்பிட்டான். அவர் நகரவில்லை.

வெகு நேரம் கழித்து ஜபீன் அவர் கையைத் தேடி எடுத்தாள். மன்னிப்பு வருகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'அவங்க பேர் என்ன?'

அவருக்குத் தெரியாது. இரண்டு முறை வந்தவளிடம் ஒரு முறைகூட அவர் பெயரைக் கேட்கவில்லை. ஜபீனின் பெயரை அவள் கேட்டாள். அவள் பெயரை யாருமே கேட்கவில்லை.

'தெரியாது,' என்று எழுதினார். பிறகு கெஞ்சுவது போல், 'மாப்பு,' என்று எழுதினார்.

ஜபீன் தலையை ஆட்டவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து அவர் மடியிலேயே வைத்துவிட்டாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, விட்ட வரியைத் தேடினாள். விரல்கள் புள்ளிகளின் மேல் கிடந்தன; ஊரவில்லை.

அவர் வெளியே வந்தார். கழுத்தில் மாலை விழுந்தது. பீவி ஜான் ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணீரைப் பார்த்துவிட்டு நௌஷீன் அருகில் வந்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா மாமா? நீங்களே எழுதுனீங்களா?" அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "இன்னா சொன்னாங்க?"

'போய்ட்டு வரச் சொன்னா' என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை அது வந்தும்விட்டது.

"மாப்பு கேட்டேன். குடுக்கல."

"நேத்தே குடுத்தாங்களே மாமா?"

"அது கையில அடிச்சதுக்கு." சுற்றி நின்ற உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். அவர் யாருடைய முகத்தையும் பார்க்காமல், சேற்றில் புதைந்த வேன் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார். "அந்த அம்மா திரும்பி வந்தாங்கம்மா. கடைக்கே தேடிக்கினு வந்தாங்க. நான்தான் பொய் சொல்லித் தொரத்தி உட்டேன். சபீதா கல்யாணம் நின்னுடுமேன்னு."

நௌஷீன் அவரைப் பார்த்தாள். மருமகள்கள் மாமனாரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு ஸலாம்கூடச் சொல்லாமல் திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

ரிஜ்வான் அவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினான். வண்டி நகரும்போது உள்ளறை ஜன்னல் தெரிந்தது. நௌஷீன் ஜபீனின் அருகில் உட்கார்ந்திருந்தாள். ஜபீன் அவள் கையில் எழுதிக்கொண்டே இருந்தாள். என்ன எழுதினாள் என்று ஹயாத் பாஷாவுக்குத் தெரியவில்லை.